விதிவழிப் பங்கு வாணிகமும் மென்பொருள் தெரிவும்

பங்கு வாணிகம் ஒரு காலத்திற் பெருஞ் செல்வர்க்கும் தரகர்க்குமே உரியதாயிருந்தது. இன்றோ கைத்தொலைபேசி உடையார் எவரும் தம் வீட்டிலிருந்தவாறே பங்குகளை வாங்கவும் விற்கவுங் கூடும். இவ் வாய்ப்புப் பெருகியதோடு, தானே வாணிகஞ் செய்து பொருளீட்டித் தரும் மென்பொருள் தம்மிடம் உண்டு என்று கூறி விற்பாருந் தொகையிற் பெருகிவிட்டனர். எமது கல்லூரியின் பழைய மாணவருள் இத்துறையில் நாட்டங்கொண்டோர் பலர். ஓய்வுபெற்றோருள் தம் சேமலாப நிதியையே இதில் இடக் கருதுவாரும் உளர். ஆதலின், தனியொருவர் விதிவழிப் பங்கு வாணிகத்துக்கு மென்பொருளைத் தெரிந்தெடுக்குமிடத்து நோக்கற்பாலன யாவை என்பதை ஈண்டு ஆராய்வாம்.

விதிவழி வாணிகமாவது யாது? எப்பங்கை, எப்பொழுது, எவ்வளவு வாங்குவது, எப்பொழுது விற்பது என்பனவற்றை முன்னரே வரையறுத்துக்கொண்டு, அவ் வரையறையினின்றும் வழுவாது ஒழுகுதலாம். ‘இப்பங்கு ஏறும்போலத் தோன்றுகின்றது’ என்பது விதியன்று. ‘கடந்த 50 நாள்களின் சராசரி விலை, கடந்த 200 நாள்களின் சராசரி விலையைத் தாண்டி மேலேறின் மறுநாட் காலையில் வாங்குக, கீழிறங்கின் மறுநாட் காலையில் விற்க, எந்த ஒரு கொம்பனியிலும் முதலிற் பத்திலொன்றுக்கு மேல் இடாதொழிக’ என்பது விதி. நிலைமொழியும் வருமொழியும் இன்னவெனத் தந்தால், புணர்ச்சி விதி அறிந்த மாணாக்கர் இருவரும் ஒரே விடையைத் தருவர். வாணிக விதியும் அத்தகையதாதல் வேண்டும். இருவர் தனித்தனியே கணித்து இருவேறு முடிவு காண்பராயின், அவ்விதி இன்னும் விதியாகவில்லை என்க.

இவ்வாறான விதிகளைப் பிறர்க்குக் கற்பித்தல் கூடுமோ என்னும் வினா அமெரிக்காவிற் சிக்காகோ நகரில் ஒருமுறை எழுந்தது. றிச்சட் டெனிஸ், வில்லியம் எக்காட் என்னும் வாணிகர் இருவரிடையே எழுந்த இவ்விவாதத்தைத் தீர்த்தற்பொருட்டு, 1983ஆம் ஆண்டிற் பத்திரிகை விளம்பரத்தின் வாயிலாக ஆள் திரட்டி, ஏறக்குறைய இரண்டு வாரம் பயிற்றினர். ‘ஆமைகள்’ எனப் பெயர்பெற்ற அம்மாணவர் வாணிகஞ் செய்தவை பங்குகளல்ல, எதிர்கால ஒப்பந்தங்களே. ஆயினும் அவர் கற்ற விதி நமக்கும் பாடமாகும். விலை கடந்த 20 நாள்களின் உச்சத்தைத் தாண்டின் வாங்குக. பின்னர்க் கடந்த 10 நாள்களின் தாழ்ந்த விலைக்குக் கீழிறங்கின் விற்க என்பது அவற்றுள் ஒன்று. இதனைக் கணித்தற்குத் தாளும் எழுதுகோலுமே போதும். விதி முந்தியது, பொறி பிந்தியது. விதியில்லாதார்க்கு மென்பொருள் விதியைத் தராது.

அங்ஙனமாயின் மென்பொருள் செய்யும் பணி யாது? அது மூவகைப்படும். பழைய விலைத் தரவுகளைக் கொண்டு விதியைச் சோதித்தல் ஒன்று; நாடோறுஞ் சந்தையைக் கண்காணித்து விதி நிறைவேறும்போது அறிவித்தல் மற்றொன்று; தரகருக்குத் தானே கட்டளை அனுப்புதல் மூன்றாவது. மூன்றனுள்ளும் தலையாயது சோதித்தலே. ஆயினும் மென்பொருள் வாங்குவோர் பலர் மூன்றாவதையே முதலில் நாடுகின்றனர். பரீட்சை எழுதாத ஒருவனுக்குப் பதவி வழங்குதல் போல்வது அது.

சோதனை நேர்மையாக நடைபெறுதற்கு மென்பொருளிடத்து ஐந்து தகைமைகள் வேண்டும்.

முதலாவது, வருங்காலத்தை எட்டிப் பார்த்தலாகாது. இன்றைய இறுதி விலையைக் கண்ட பின்னரே தோன்றும் குறிப்பைக் கொண்டு, அவ்விறுதி விலைக்கே வாங்கியதாகக் கணிக்கும் சோதனை பிழையானது. வினாத்தாளை முன்னரே கண்ட மாணாக்கன் பெற்ற புள்ளிகளுக்கு ஒப்பானது அவ்விலாபம்.

இரண்டாவது, மாண்ட கொம்பனிகளும் தரவில் இருத்தல் வேண்டும். இன்று சிறந்து விளங்கும் அமெரிக்கக் கொம்பனிகளின் பட்டியலை எடுத்து 2000ஆம் ஆண்டு முதற் சோதித்தால், 2001இல் முறிந்த என்றோனும் 2008இல் முறிந்த லீமன் பிறதர்ஸும் அதிற் காணப்படா. தோற்றவரை நீக்கிவிட்டு எண்ணினால் எவ் வகுப்பிலும் எல்லோரும் சித்தியடைந்தவரே.

மூன்றாவது, பங்குப் பிரிப்பும் பங்கிலாபமும் தரவிற் சீர்செய்யப்பட்டிருத்தல் வேண்டும். 2020ஆம் ஆண்டு ஓகத்து மாத இறுதியில் அப்பிள் கொம்பனி தன் பங்கு ஒன்றை நான்காகப் பிரித்தது. ஏறக்குறைய 500 டொலராயிருந்த விலை 125 டொலரளவிற்கு வந்தது. பங்காளர் எவரும் யாதொன்றும் இழந்திலர். ஆனாற் சீர்செய்யாத தரவோ, முக்காற் பங்கு விலை ஒரே நாளில் வீழ்ந்ததாகவே காட்டும்.

நான்காவது, செலவைக் கழித்தல் வேண்டும். கொழும்புப் பங்குச் சந்தையில் தரகும் ஏனைய கட்டணங்களும் வாங்கும்போதும் விற்கும்போதும் அறவிடப்படுகின்றன. ஒருமுறை வாங்கி விற்க, நூறு ரூபாவுக்குப் பொதுவாக இரண்டு ரூபாவுக்கு மேற் கழிகின்றது. முதல் முழுவதையும் ஆண்டில் இருபது முறை சுழற்றும் விதியொன்று, செலவுக்கே நூற்றுக்கு நாற்பது ஈட்டல் வேண்டும். இலாபம் அதன் பின்னரே. அன்றியும், இங்குப் பல பங்குகள் நாளொன்றிற் சிறு தொகையாகவே கைமாறுகின்றன. ஐந்நூறு பங்குகளே விற்பனையான நாளிற் பத்தாயிரம் வாங்கியதாகக் காட்டும் சோதனையால் வரும் பயன் ஒன்றுமில்லை.

ஐந்தாவது, இலாபத்தோடு பேரிறக்கத்தையும் காட்டல் வேண்டும். உச்சத்திலிருந்து முதல் எவ்வளவு தாழ்ந்தது என்பதே பேரிறக்கம். ஒரு இலட்சம் ஐம்பதினாயிரமாகக் குறைந்தால், இழந்தது பாதி. மீளப் பெறுவதற்கோ உள்ளதை இரட்டிக்க வேண்டும். விதியின் பயனை, அதே பங்குகளை வாங்கி வாளா வைத்திருந்தாற் கிடைக்கும் பயனோடு ஒப்பிட்டுக் காட்டுவதும் இன்றியமையாதது.

இவ்வைந்தும் மென்பொருளின் கடமை. ஆறாவது ஒன்றுண்டு, அது நம் கடமை. 50, 200 என்னும் எண்களுக்குப் பதிலாக 5 முதல் 100 வரையும், 105 முதல் 300 வரையும் ஐந்தைந்தாகக் கூட்டிச் சோதித்தால் 800 இணைகள் உண்டாம். கணினி அவற்றைச் சிறிது நேரத்திற் சோதித்துச் சிறந்ததொன்றை எடுத்துக் காட்டும். அது சிறந்ததாயது தகுதியினாலோ தற்செயலினாலோ என்பதை அதே தரவு கூறாது. ஆதலின், பிற்பட்ட சில ஆண்டுகளின் தரவைத் தொடாது ஒதுக்கிவைத்து, விதியை முடிவுசெய்த பின்னர் ஒருமுறை மட்டுமே அதிற் பரிசோதித்தல் வேண்டும். 50க்குப் பதில் 45 இட்டாற் பெருநட்டங் காட்டும் விதியை நம்பலாகாது.

இனி, வழக்கிலுள்ள மென்பொருள்கள் சிலவற்றை நோக்குவாம். எக்ஸல் முதலிய விரிதாள்கள் தொடக்கத்துக்குப் பெரிதும் ஏற்றவை. ஒரு பங்கின் பத்தாண்டு விலையை இட்டு விதியைத் தம் கையாற் கணித்தவர், பிற மென்பொருள் காட்டும் விடையின் பிழையைக் காண வல்லவராவர். அமிபுறோக்கர் என்பது விண்டோஸ் கணினியில் இயங்குவது. பல பங்குகளை ஒருங்கே விரைவாகச் சோதிப்பது. நாம் திரட்டிய தரவையும் ஏற்பது. கொழும்புப் பங்குகளைச் சோதிக்க விழைவார்க்கு இப் பண்பு பயன்படும். ரேட்ஸ்ரேஷன் அமெரிக்கச் சந்தைக்கு உரியது. அதனை நடத்துவோரே தரகருமாவர். 2005இல் வெளிவந்த மெற்றாரேடர் 4 பெரும்பாலும் நாணய மாற்று வாணிகத்துக்கு வகுக்கப்பட்டது. அதன் புகழைக் கேட்டுப் பங்குகளுக்கென அதனை நாடுவோர், தம் தரகர் அதன்வழிப் பங்குகளைத் தருகின்றாரா என முதலில் அறிதல் வேண்டும். பைதன் என்னும் கணினிமொழி விலையின்றிக் கிடைப்பது. எவ்விதியையும் அதில் எழுதலாம். ஆனாற் கற்றற்குப் பல மாதங்கள் வேண்டும். இளைஞர்க்கு யாம் விதந்து கூறுவது இதனையே. வாணிகங் கைகூடாவிடினும் கற்ற கல்வி கைவிடாது.

பிறர் நடத்தும் இணையத்தளத்தில் மட்டுமே தம் விதிகளை எழுதிவைத்தல் தக்கதன்று. அமெரிக்காவிற் குவான்ரோப்பியன் என்னும் தளம் பல்லாயிரவர்க்கு இலவசமாகச் சோதனை வசதி வழங்கிவந்தது. 2020இல் அது மூடப்பட்டது. விதியைத் தெளிந்த தமிழில் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்தவர் வேறிடஞ் செல்லலாம்.

விதி இன்னதென்று காட்டாது இலாபம் மட்டும் உறுதிகூறி விற்கப்படும் மென்பொருளை அணுகாதிருத்தல் நன்று. இந்தியப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியம் 2025 பெப்புருவரியில் வெளியிட்ட சுற்றறிக்கை, விதி வெளிப்பட்டவை, விதி மறைக்கப்பட்டவை என இவற்றை இருவகைப்படுத்தி, மறைத்து வழங்குவோர் ஆய்வாளராகப் பதிவுபெறல் வேண்டும் எனப் பணித்துள்ளது. காரணம் வெளிப்படை. காணாத விதியை எவராலும் சோதிக்க இயலாது.

தானே கட்டளை அனுப்பும் பொறியைப் பற்றியும் ஒரு சொல். 2012 ஓகத்து 1ஆந் திகதி, நைற் கப்பிற்றல் என்னும் அமெரிக்க நிறுவனத்தின் எட்டுக் கணினிகளுள் ஒன்றிற் புதிய நிரல் ஏற்றப்படாது விடுபட்டது. அதிற் கிடந்த பழைய நிரல் உயிர்பெற்றுக் கட்டளைகளை ஓயாது அனுப்ப, ஏறக்குறைய 45 நிமிடத்தில் 44 கோடி டொலருக்கு மேல் நட்டமாயிற்று. வல்லுநர் பலரை உடைய நிறுவனத்துக்கே இக்கதி நேருமாயின், மின்சாரமும் இணையமும் இடையிடையே அறும் வீட்டிலிருந்து இயக்குவோர் எத்துணை விழிப்பாயிருத்தல் வேண்டும்! ஒரு நாளைக்கு இத்தனை கட்டளை, இவ்வளவு பணம் என்னும் எல்லையும், ஒரே அழுத்தில் யாவற்றையும் நிறுத்தும் வசதியும் இல்லாத மென்பொருள் வேண்டா. 2022 ஏப்பிரலிற் கொழும்புச் சந்தை ஒரு வாரம் மூடப்பட்டபோது, எத்துணை நல்ல விற்பனை விதியும் செயற்படுதற்கு இடமின்றி நின்றது. இதனையும் மறத்தலாகாது.

இவையெல்லாம் எதற்கு எனின், இழப்போர் தொகை பெரிதாதலின் என்க. அமெரிக்கப் பேராசிரியர்களான பாபரும் ஓடீனும் 1991 முதல் 1996 வரை 66,465 குடும்பங்களின் கணக்குகளை ஆராய்ந்தனர். மிகுதியாக வாங்கி விற்றோர் ஆண்டுக்கு 11.4 சதவீதமே பெற்றனர். சந்தை தந்ததோ 17.9 சதவீதம். மேற்கூறிய இந்திய வாரியம் 2024இல் வெளியிட்ட ஆய்வின்படி, முந்திய மூன்று நிதியாண்டுகளிற் பங்குச் சார்பு ஒப்பந்தங்களில் ஈடுபட்ட தனியாருள் நூற்றுக்குத் தொண்ணூற்று மூவர் நட்டமே அடைந்தனர்.

ஆகவே, விதியை முதலிற் குறிப்பேட்டில் எழுதுக. விரிதாளிற் கணித்துப் பார்க்க. பின்னரே மேற்கூறிய ஐந்து தகைமைகளும் உள்ள மென்பொருளை, விலை கொடாது பரீட்சார்த்தமாகப் பெற்று, இரண்டும் ஒரே விடை தருகின்றனவா என நோக்குக. ஆறு மாதமேனும் பணமிடாது தாளளவில் வாணிகஞ் செய்க. அதன்பின், இழந்தாலுங் குடும்பம் தளராத சிறு தொகையை மட்டும் இடுக. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடுக என்பது நம் முன்னோர் வழக்கன்றோ!

இவ்வாறு சோதித்தோருட் பலர்க்கு, ‘நும் விதி பயன்தராது’ என்னும் விடையே கிடைக்கும். அவ்விடையை ஒளிக்காது உரைக்கும் மென்பொருளே வாங்கத் தக்கது. அதனைக் கேட்டுப் பணத்தைச் சேமிப்பிலேயே விட்டுவைத்தவர், அம் மென்பொருளின் முழுப் பயனையும் பெற்றவராவர்.