பங்குனி ஆமையைக் காக்கும் கலை

காவிரி கடலோடு கூடும் பூம்புகார்க் கரைக்கு ஆண்டுதோறும் தை முதல் பங்குனி வரை ஒரு விருந்தினர் கூட்டம் வந்து செல்கின்றது. இரவின் அமைதியில் கரையேறி, மணலில் குழி தோண்டி, ஏறத்தாழ நூறு முட்டைகளை இட்டு மூடிவிட்டு, மீண்டும் கடலுக்குத் திரும்பும் அவ்விருந்தினரை நம் மக்கள் பங்குனி ஆமை என்றழைக்கின்றனர். தாய் ஆமை மீண்டும் வந்து பார்ப்பதில்லை. நாயும் நரியும் மனிதனும் அம்முட்டைகளைத் தேடி வருகின்றனர்.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தன் முதல் அட்டவணையில் இவ்வாமைக்கு இடமளித்துள்ளது. ஆயினும் சட்டம் ஏட்டில் இருந்தால் மட்டும் போதுமா? கரையில் காவல் புரியும் கைகளும், அக்கைகளுக்குப் பயிற்சியும் வேண்டுமன்றோ?

சீர்காழிப் பகுதியில் வானகிரி, கூழையார் முதலிய கரையூர்களில் வனத்துறையினர் பொரிப்பகங்கள் அமைத்து இப்பணியை ஆற்றி வருகின்றனர். பார்வைக்கு இது எளிய வேலை, செய்கையிலோ நுட்பமானது. மணலில் பதிந்த தடத்தைக் கொண்டு குழியைக் கண்டறிய வேண்டும். முட்டைகளைச் சில மணி நேரத்திற்குள் எடுத்துவிட வேண்டும். காலம் தாழ்த்திப் புரட்டினால், ஓட்டின் மேற்பகுதியில் ஒட்டத் தொடங்கிய கரு அழிந்துவிடும். தாய் தோண்டியது போன்றே, ஏறத்தாழ ஒன்றரை அடி ஆழத்தில், வாய் குறுகி அடி அகன்ற குழியில் அவற்றைப் புதைத்தல் வேண்டும்.

குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வது மணலின் வெப்பமே என்பது வியப்பிற்குரியது. ஏறத்தாழ 29 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பம் மிகுந்தால் பெண் குஞ்சுகளும், குறைந்தால் ஆண் குஞ்சுகளும் மிகுதியாகப் பிறக்கின்றன. ஆகவேதான் பொரிப்பகத்திற்கு நிழற்பந்தல் இடுகின்றனர். 45 முதல் 60 நாட்களில் குஞ்சுகள் வெளிவரும். அவற்றைக் கையால் கடலில் எறிதல் தகாது. வெயில் ஏறுமுன் மணலில் விட்டு, தாமாகவே ஊர்ந்து அலையைச் சேரவிடுதலே முறை.

கரையில் காத்தவற்றைக் கடலில் இழந்தால் பயன் என்ன? ஆமை நுரையீரலால் மூச்சுவிடும் உயிர். இழுவை வலையில் சிக்கினால் மேலெழுந்து மூச்செடுக்க இயலாமல் மாண்டுபோகின்றது. 2025 ஜனவரியில் சென்னையையொட்டிய கரைகளில் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கின. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடை உண்டு. ஆனால் ஆமைகள் பெருவாரியாக வரும் காலமோ அதற்கு முந்தியது! வலையில் சிக்கிய ஆமை வெளியேறுதற்குரிய கம்பித் தட்டியும் திறப்பும் உண்டு. எனினும், அத்திறப்பின் வழியே மீனும் போய்விடுமே என்று மீனவர் அஞ்சுகின்றனர். அவ்வச்சத்தை ஏளனம் செய்தல் முறையன்று. டீசல் செலவும் கடனும் அவர் தோளில் உள்ளன. அவருடைய இழப்பில் பங்கேற்காமல் ஆமையைக் காக்கும் பொறுப்பை மட்டும் அவர்மீது சுமத்துதல் நீதியாகாது.

தென்னாப்பிரிக்கப் பகுதியிலுள்ள நமீபியா நாடு இவ்வுண்மையை உணர்ந்தது. அங்கே ஊர் மக்களையே விலங்குகளின் காவலராக்கினர். 1996-ஆம் ஆண்டின் சட்டம், வனவிலங்குகளால் வரும் வருவாயில் ஊர் மக்களுக்கு உரிமை வழங்கியது. காக்கப்படும் உயிரால் தமக்கும் நன்மை உண்டென்று கண்ட மக்கள், அதனைக் காக்க முன்வந்தனர்.

நம் கரையிலும் அதுவே வழி. மீனவ இளைஞர்க்குப் பயிற்சியும் தக்க ஊதியமும் கிடைக்கட்டும். வலை மாற்றும் செலவை அரசு ஏற்கட்டும். நாமும் நம்மால் இயன்றதைச் செய்வோம். குஞ்சுகள் ஒளியை நோக்கியே ஊர்வதால், பருவ காலத்தில் கரையோர வீடுகளின் விளக்குகளை அணைப்போம் அல்லது மறைப்போம். கிழிந்த வலைகளைக் கடலில் எறியாதிருப்போம். முட்டைக் குழியைக் கண்டால் தொடாமல் வனத்துறைக்கு அறிவிப்போம். இன்று கடல் புகும் குஞ்சு தாயாகித் திரும்பப் பல ஆண்டுகள் ஆகும். அன்று அதற்குக் கரையும் இருளும் அமைதியும் கிடைக்குமா என்பது நம் கையில் உள்ளது.