எஞ்சினுக்குப் பத்துக் குடம்

1980-களின் குமரிக் கடற்கரையில் வள்ளம் மணலேறியதும் மீனோடு எஞ்சினும் இறங்கும். கிளாம்பைத் தளர்த்தி, முப்பது நாற்பது கிலோ அவுட்போர்டு மோட்டாரைத் தோளில் ஏற்றிக்கொண்டு, முதுகெல்லாம் உப்புநீர் சொட்ட ஒருவர் வீட்டுக்கு நடப்பார். ஆள் படுக்க இடமில்லாத வீட்டிலும் அதற்கொரு மூலை இருக்கும். கடன் முடியாத எஞ்சினை யார் கரையில் விட்டுவைப்பது?

ஆனால் அதைக் குளிப்பாட்டுவதில்தான் கஞ்சம். சூடு தணியக் கடல்நீரையே உறிஞ்சி ஓடும் இயந்திரம் அது. அந்த நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. நல்ல தண்ணீர் நிரப்பிய டிரம்மில் எஞ்சினின் காலை முக்கிப் பத்து நிமிடம் ஓட்டினால் உப்பு கரைந்து வெளியேறும். பாதி டிரம்முக்கே எட்டுப் பத்துக் குடம் வேண்டும். பெண்கள் வரிசையில் நின்று இடுப்பில் சுமந்து வந்த தண்ணீர். உலைக்கா, எஞ்சினுக்கா என்ற கேள்வியே எழாது. மண்ணெண்ணெய்த் துணியால் வெளியே ஒரு துடைப்பு, அதோடு சரி. உள்ளே உப்பு படிந்து, தண்ணீர் போகும் வழி நாளுக்கு நாள் குறுகும்.

அப்புறம் நடக்கும் வைத்தியம் ஒரு கலை. எஞ்சினின் அலுமினிய உடம்பு இரும்பைப்போல் சிவக்காது, வெள்ளையாகப் பூக்கும். பெயின்ட் கொப்புளித்த இடத்தை நகத்தால் கீறினால் மாவு உதிரும். அந்த மாவுக்குள் மாட்டிய ஸ்டெயின்லெஸ் போல்ட் லேசில் அசையாது. இரண்டு உலோகம், நடுவில் உப்புநீர் என்றால் பேட்டரிதான். இந்த ஜோடியில் தோற்பது எப்போதும் அலுமினியம். அவசரக்காரன் ஸ்பேனரைப் போட்டு முறுக்கினால் தலை மட்டும் கையோடு வரும். விவரம் தெரிந்தவர் மண்ணெண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க ஊறவைப்பார். காலையில் அதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, புளோலாம்பால் போல்ட்டை விட்டுச் சுற்றியுள்ள அலுமினியத்தைச் சுடுவார், அதுதான் அதிகம் விரியும் என்பதால். சுத்தியலால் செல்லமாக நாலு தட்டு. பிறகு கால் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. மரை போயிருந்தால் துளையைப் பெரிதாக்கிப் புது மரை வெட்டுவார். ஓட்டை விழுந்த உறைக்கு எம்சீல். அடைப்பெடுக்கக் கக்கூஸ் ஆசிட் ஊற்றியவர்களும் உண்டு; அடைப்போடு அலுமினியமும் கரைந்தது. வினிகரே போதும் என்பது பிறகு வந்த அறிவு.

எஞ்சின் காலில் பொருத்தியிருக்கும் துத்தநாகக் கட்டியின் கதை இன்னும் வேடிக்கை. அலுமினியத்துக்கு முன்னால் தான் கரைவதே அதன் வேலை. 1824-லேயே ஹம்ப்ரி டேவி பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் செப்புத் தகட்டைக் காக்கச் சொன்ன உத்தி அது. இங்கோ, அரித்துப்போய் அசிங்கமாகக் கிடக்கிறதே என்று அதற்கும் சேர்த்துப் பெயின்ட் அடித்தார்கள். பெயின்ட் மூடிய கட்டி கரையாது. கரையும் முறை எஞ்சினுக்கு வந்தது.

இன்று தோளில் தூக்க முடியாத எஞ்சின்கள் ஃபைபர் வள்ளங்களின் பின்னாலேயே துறைமுகத்தில் நிற்கின்றன. சாய்த்து உயர்த்த மறந்தால் நாள் முழுக்க எஞ்சின் கால் உப்பில். பெரிய ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின்கள் பலவற்றில் பெட்ரோலை அளந்து தெளிப்பது ஒரு கணினிப் பெட்டி; அதன் ஒயர் முனையில் பச்சை பூத்தால் உப்புத்தாளும் மண்ணெண்ணெயும் செல்லாது. கைவேலை ஒழிந்துவிடவில்லை, முன்னுக்கு நகர்ந்திருக்கிறது. போல்ட்டை மாட்டும்போதே மரைன் கிரீஸ் தடவுகிறார்கள். கட்டி பாதி கரைந்ததும் மாற்றுகிறார்கள். ஆற்று நீருக்கான மக்னீசியக் கட்டியைத் தவிர்த்து, துத்தநாகமா அலுமினியக் கலவையா என்று கேட்டு வாங்குகிறார்கள். பழைய வைத்தியம் போயிற்றே என்று புலம்ப எனக்கு மனமில்லை. குழாய்த் தண்ணீர் அன்றே வந்திருந்தால் அதில் பாதி தேவைப்பட்டிருக்காது.

இப்போது ஓஸ் பைப்பை மாட்டிவிட்டுப் பையன் போனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். எஞ்சினின் பக்கத்துத் துளையிலிருந்து பென்சில் கனத்தில் நீர் பீய்ச்சுகிறது. தாத்தா அதில் விரலை நீட்டி நாக்கில் வைத்துப் பார்க்கிறார்.

“இன்னும் கரிக்குலே மக்கா. ஓடட்டு.”