பாய்ப் படகுக்கு எத்தனை குதிரை வலு?

இரு சக்கர உழவு இயந்திரத்தை நம்மவர்கள் பலர் இன்றும் ‘லான்ட்மாஸ்டர்’ என்றே அழைக்கின்றனர். அதனை உருவாக்கிய இலங்கைப் பொறியியலாளர் ரே விஜேவர்தன ஒரு பாய்ப் படகோட்ட வீரர் என்பது பலரும் அறியாத செய்தி. 1968இல் மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் நமது நாட்டின் சார்பில் படகோட்டியவர் அவர். இயந்திரம் வந்ததால் சிறு விவசாயிக்கு உண்மையில் இலாபம் கிடைத்ததா என்ற கேள்வியைப் பின்னாளில் எழுப்பியவரும் அவரே. அதே கேள்வியைப் படகு இயந்திரம் வாங்குபவரும் கேட்டுப் பார்ப்பது நல்லது.

ஒட்டுசுட்டான் சந்தியில் நின்றால் கடல் தெரியாது. ஆனால் பக்கத்தில் முத்தையன்கட்டுக் குளம் இருக்கின்றது. மாங்குளம் வீதியால் முல்லைத்தீவுப் பக்கம் இறங்கினால் நந்திக்கடலும் பெருங்கடலும் வந்துவிடும். தெற்கே நாயாறு. நீர்கொழும்பில் ‘ஒருவ’ எனப்படும் பாய் வள்ளங்களின் போட்டியைப் பார்க்கக் கூட்டம் கூடுகின்றது. பொல்கொடை ஏரியில் படகுக் கழகங்கள் சிறு பாய்ப் படகுப் போட்டிகளை நடத்துகின்றன. வன்னியிலும் இதனை ஒரு சுற்றுலாத் தொழிலாகச் செய்யலாமே என எண்ணுவோர் முதலில் தடுமாறும் இடம் இயந்திரத் தெரிவுதான். கடைக்குப் போனால் 15 குதிரை வலுவைக் காட்டுவார்கள். கடைக்காரரைக் குறை சொல்வதற்கில்லை. மீனவர் கேட்பது அதைத்தானே.

ஆனால் பாய்ப் படகின் கணக்கு வேறு. தண்ணீரை விலக்கிக்கொண்டு செல்லும் படகின் வேகத்துக்கு அதன் நீளமே எல்லை போடுகின்றது. நீர்மட்டத்தில் உள்ள நீளத்தை அடியில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் அந்த எல்லை கடல்மைல் கணக்கில் கிடைக்கும். 14 அடிக்கு மணிக்கு சுமார் 5 கடல்மைல், அதாவது 9 கிலோமீற்றர். அமைதியான நீரில் அந்த வேகத்தை நெருங்க இரண்டு, மூன்று குதிரை வலு போதும். அதற்கு மேல் கொடுக்கும் வலுவில் பெரும்பகுதி அலை எழுப்பவே செலவாகும். வழுக்கி ஓடும் மீன்பிடிப் படகுக்கு இக்கணக்கு பொருந்தாது.

அடுத்தது பாரம். 2 முதல் 2.5 குதிரை வலு கொண்ட நான்கடிப்பு இயந்திரங்கள் 13 முதல் 17 கிலோ வரை இருக்கும். ஒருவர் கையில் தூக்கிச் செல்லலாம். 15 குதிரை வலு என்றால் ஈரடிப்பிலேயே 35 கிலோவைத் தாண்டும், நான்கடிப்பில் 50 கிலோவை நெருங்கும். அவ்வளவு பாரத்தைக் கடையாரில் தொங்கவிட்டால் அணியம் மேலெழும். பின்புறம் தண்ணீரை இழுக்கும். காற்று நன்றாக வீசினாலும் படகு ஓடாது. போட்டியின்போது காற்றையும் நீரையும் தவிர வேறு வலுவைப் பயன்படுத்தக் கூடாது என்பது சர்வதேச விதி. எனவே போட்டி நாளில் இயந்திரம் கழற்றப்படவே போகின்றது. கழற்றச் சிரமமான இயந்திரத்தை வாங்கி என்ன பயன்?

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். சோளகக் காற்று முல்லைத்தீவுக் கரையில் தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவது. வெளியே போவது சுலபம், திரும்புவதுதான் கடினம். குளத்துக்கும் களப்புக்கும் போதுமான 2.5 குதிரை வலுவை நம்பி, ஆட்களை ஏற்றிக்கொண்டு கடலில் இறங்குவது ஆபத்தானது. கரையோரக் கடலுக்கு நான்கு, ஐந்து குதிரை வலுவாவது வேண்டும். அதன் பாரம் 27 கிலோ அளவில் வரும். அந்தப் பாரத்தை அங்கே தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். உயிர்காப்பு அங்கியும் தண்டும் எப்போதும் படகில் இருக்கட்டும்.

இயந்திரத்தின் கால் நீளத்தையும் கவனியுங்கள். 15 அங்குலம் குட்டை, 20 அங்குலம் நெட்டை. படகின் பின் பலகையின் உயரத்தை அளக்காமல் கடைக்குப் போகாதீர்கள். கால் குட்டையானால் விசிறி காற்றை உறிஞ்சும். நீண்டால் ஆழமற்ற களப்பில் தரை தட்டும். நான்கடிப்பு இயந்திரத்தைக் கிடத்துவதாயின், கையேட்டில் சொன்ன பக்கமாக மட்டுமே கிடத்த வேண்டும். இல்லாவிட்டால் எண்ணெய் கசியும். உப்புநீரில் ஓடிய இயந்திரத்தை அன்றே நன்னீரில் ஓடவிட்டுக் கழுவ வேண்டும்.

எரிபொருள் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாகியதை மீனவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். விலை பின்னர் இறங்கினாலும், வலு கூடிய இயந்திரத்தைத் தவணைக்கு எடுத்தவர்கள் பட்ட பாடு நமக்குத் தெரியும். பாய் உள்ளவருக்கு இயந்திரம் என்பது காற்று விழும்போதும் துறைக்குத் திரும்பும்போதும் மட்டுமே தேவைப்படும் துணை. ஒரு லீற்றர் தாங்கி பல நாட்களுக்குத் தாக்குப்பிடிக்கும்.

பற்றரியில் இயங்கும் மோட்டர்களும் உண்டு. பற்றரியுடன் சுமார் 15 கிலோ நிறையில், மூன்று குதிரை வலு இயந்திரத்துக்கு ஈடாகக் கூறப்படும் ரகங்கள் உள்ளன. நெல்லுக்குப் பாயும் குளத்து நீரில் எண்ணெய் கலக்காது என்பது இவற்றின் பெரிய வசதி. குளத்தில் தொழில் தொடங்க நீர்ப்பாசனத் திணைக்களத்திடம் அனுமதி கேட்கும்போது இதுவும் எடுத்துச் சொல்லத்தக்க விடயம். ஆனால் விலை அதிகம். பழுதானால் திருத்துபவர் அருகில் இருக்கிறாரா என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன்னர் விசாரித்துக்கொள்ளுங்கள்.