கசாயத்துக்கும் கணக்கு வேண்டும்

மும்பையில் வாழும் தமிழர்களில் பரேல் கே.இ.எம். ஆஸ்பத்திரியை அறியாதவர் அபூர்வம். தாராவியிலிருந்தும் மாதுங்காவிலிருந்தும் போய் அங்கே வரிசையில் நின்றவர்கள் நம்மில் அநேகர். நாட்டு மருந்து ஒன்றின் வரலாற்றிலும் அந்த ஆஸ்பத்திரிக்கு இடம் உண்டு.

சர்ப்பகந்தி என்று ஒரு செடி. அதன் வேரைச் சித்தப் பிரமைக்கும் தூக்கமின்மைக்கும் வடநாட்டில் நெடுங்காலமாகக் கொடுத்து வந்தார்கள். இந்த வேர் ரத்தக் கொதிப்பையும் தணிக்கிறது என்று 1931-ல் கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய இருவர் எழுதினார்கள். வெளிநாட்டார் அதைப் பொருட்படுத்தவில்லை.

கே.இ.எம். ஆஸ்பத்திரியில் பணியாற்றிய டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல், நோயாளிகளுக்கு இந்த வேரைக் கொடுத்து, ரத்த அழுத்தத்தை அளந்து குறித்து வந்தார். 1949-ல் அந்த விவரங்களை பிரிட்டிஷ் இருதய மருத்துவ இதழில் வெளியிட்டார். 1952-ல் சுவிட்சர்லாந்தில் அதே வேரிலிருந்து ரெசர்பின் என்ற சத்தைப் பிரித்தெடுத்தார்கள். 1957-ல் வக்கீலுக்கு அமெரிக்காவின் லஸ்கர் பரிசு கிடைத்தது.

வேர் பழைய வேர்தான். வக்கீல் அளந்தார், எழுதி வைத்தார், பிறர் சரிபார்க்கும்படி வெளியிட்டார். இன்று சித்தா, ஆயுர்வேதம், யுனானி ஆகிய துறைகளில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்யும் மாணவர்கள் பழக வேண்டியதும் இதுவே.

நீண்ட படிப்பு

சித்த மருத்துவப் பட்டப் படிப்பு, ஓராண்டுப் பயிற்சியும் சேர்த்து ஐந்தரை ஆண்டு. அதன் மேல் எம்.டி. 3 ஆண்டு. அதற்கும் மேலே பி.எச்டி. என்றால் குறைந்தது இன்னும் 3 ஆண்டு. தாம்பரம் சானடோரியத்தில் 2005-ல் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனம், ஜெய்ப்பூரில் 1976-ல் தோன்றிய தேசிய ஆயுர்வேத நிறுவனம் போன்ற இடங்களில் இந்த ஆராய்ச்சி நடைபெறுகிறது.

மாணவர் முதலில் சரக்கை அறிய வேண்டும். ஒரே பெயரில் ஊருக்கொரு செடி விற்கிறது. கடையில் வாங்கிய வேர் சரியான வேர்தானா என்று தாவர இயல் முறைப்படி தீர்மானிக்காமல் ஆராய்ச்சி தொடங்க முடியாது. பாதரசம், பாஷாணம் சேர்ந்த மருந்தானால் சுத்தி முறை சரியாக நடந்ததா, உடம்புக்குக் கேடு உண்டா என்றும் சோதிக்க வேண்டும்.

பிறகு மனிதர்களிடம் சோதனை. அதற்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். நோயாளியின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். 2009-லிருந்து இத்தகைய சோதனைகளை அரசின் பதிவேட்டில் முன்கூட்டியே பதிவு செய்வதும் கட்டாயம்.

கசப்புக்கு மாற்று ஏது?

இங்கே ஒரு சங்கடம். மருந்தின் குணத்தை அறிய, ஒரு பகுதியினருக்கு மருந்தும் மற்றவர்களுக்கு மருந்து போலத் தோன்றும் வெற்றுப் பொருளும் கொடுப்பது வழக்கம். எது யாருக்கு என்று நோயாளிக்குத் தெரியக் கூடாது. மாத்திரையில் இது சுலபம். ஒன்பது சரக்கு சேர்ந்த நிலவேம்புக் குடிநீருக்கு அதே கசப்பும் அதே வாசனையும் உள்ள வெற்றுக் கசாயத்தை எப்படித் தயாரிப்பது? தவிர, வாதம், பித்தம், கபம் பார்த்து ஆளுக்கேற்ப மருந்து கொடுப்பவர் சித்த வைத்தியர். எல்லோருக்கும் ஒரே மருந்து என்ற சோதனை அவர் முறைக்கு முழுதும் பொருந்தாது. இதற்கெல்லாம் வழி காண்பதும் மாணவரின் வேலைதான்.

இன்னொரு பாடமும் உண்டு. மருந்து பலிக்கவில்லையென்றால் அதையும் மறைக்காமல் எழுத வேண்டும். குருவின் மருந்தாயிற்றே என்று தயங்கினால் ஆராய்ச்சி வீண்.

நமக்கு என்ன?

பேக்டரியிலும் ஆபீசிலும் உழைக்கும் நமக்கு இதனால் என்ன என்று கேட்கலாம். சர்க்கரை நோய்க்கு ஊசி போட்டுக்கொள்பவர் ரயிலடியில் விற்கும் சூரணத்தை நம்பி ஊசியை நிறுத்தினால், ஆபத்து அவருக்கு மட்டுமல்ல. ஊரில் மணியார்டரை நம்பியிருந்த காலம் முதல் இன்று வரை, அவர் சம்பாத்தியத்தில் வாழும் குடும்பத்துக்கும்தான். "இதைச் சோதித்தவர் யார்? என்ன கண்டார்?" என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. பதில் சொல்லக்கூடிய ஆராய்ச்சியாளர்கள் பெருகினால்தான் அந்தக் கேள்விக்குப் பலன்.

மகளுக்கோ மகனுக்கோ சித்த மருத்துவத்தில் இடம் கிடைத்தால் முகம் சுளிக்க வேண்டாம். பாட்டி கொடுத்த கசாயத்தை அளந்து பார்க்கும் பொறுப்பு அந்தப் பிள்ளைகளுடையது.