பொன்னை விஞ்சிய கிண்ணங்கள்

இந்தோனேசியாவின் சுமத்ராவுக்கும் போர்னியோவுக்கும் இடையே பெலிதுங் என்றொரு தீவு உள்ளது. 1998ஆம் ஆண்டு அதன் அருகே கடலட்டை தேடி மூழ்கியவர்கள், ஏறத்தாழ 17 மீட்டர் ஆழத்தில், பவளம் படிந்த மண்கலங்களைக் கண்டனர். அங்கே பதினொரு நூற்றாண்டுகளுக்கும் மேலாகப் புதைந்து கிடந்தது ஒரு வணிகக் கப்பல்.

அது சீனக் கப்பல் அன்று. இரும்பாணி இன்றி, பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய மேலைக்கடல் மரபைச் சேர்ந்தது. நம் சோழமண்டலக் கரையின் மசூலாப் படகுகளும் தென்னங்கயிற்றால் தைக்கப்பட்டவையே. அரபு வணிகர்கள் சீனம் வரை சென்றதை ஏடுகள் சொல்லிவந்தன. அதற்குக் கடல் தந்த கண்கண்ட சான்று இக்கப்பல்.

சரக்கு ஏறத்தாழ 60,000 பொருள்கள். புதையல் என்றதும் நம் மனம் பொன்னையே நாடும். இசைக்கலைஞர் உருவங்கள் பொறித்த எண்கோணப் பொற்கிண்ணம், வெள்ளிக் கலங்கள், வெண்கலக் கண்ணாடிகள் ஆகியவையும் கிடைத்தன. ஆயினும் பெரும்பகுதி, சீனத்தின் சாங்ஷா சூளைகளில் சுடப்பட்ட எளிய கிண்ணங்களே. பெரிய சாடிகளுக்குள் அவற்றைச் சுருள்சுருளாக அடுக்கியிருந்தனர். ஒரு சாடியில் நூற்றுக்கும் மேற்பட்டவை அடங்கின. உடையாமல் அனுப்பும் இக்கலையே பலவற்றை இன்றுவரை காத்தது.

ஒரு கிண்ணத்தில் கி.பி. 826ஆம் ஆண்டைக் குறிக்கும் நாள் பொறிக்கப்பட்டிருந்தது. கப்பலின் காலத்தைக் கணிக்க ஆய்வாளர்களுக்குப் பெருந்துணையானது பொன்னன்று, அந்த மண்கிண்ணமே. தாங் பேரரசின் குயவர்கள் தொலைதூரச் சந்தைக்கெனப் பல்லாயிரக்கணக்கில் பொருள் செய்தனர் என்பதையும் இக்குவியலே உணர்த்தியது. ஓரிரு கிண்ணங்கள் மட்டும் கிடைத்திருந்தால் இவ்வுண்மை புலப்பட்டிராது.

அதே கடற்பகுதியில் 1822இல் மூழ்கிய டெக் சிங் என்னும் சீனக் கப்பலுக்கு வேறு முடிவு நேர்ந்தது. அதன் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பீங்கான்கள் 2000ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் ஏலம் விடப்பட்டு, உலகெங்கும் சிதறின. பெலிதுங் சரக்கின் பெரும்பகுதியையோ சிங்கப்பூர் 2005இல் ஏறத்தாழ 3.2 கோடி அமெரிக்க டாலருக்கு ஒருசேர வாங்கியது. இன்று அது ஆசிய நாகரிகங்கள் அருங்காட்சியகத்தில் உள்ளது.

எனினும் ஒரு வினா எஞ்சியது. அகழ்ந்தெடுத்தது தனியார் நிறுவனம். இலாப நோக்குடைய அகழ்வில் அறிவு சேதமுறும் என்று தொல்லியலாளர் பலர் வாதிட்டனர். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் 2012இல் நடத்தவிருந்த கண்காட்சியும் இதனால் கைவிடப்பட்டது. விட்டுவைத்திருந்தால் கொள்ளைபோயிருக்கும் என்பது மறுதரப்பின் வாதம். இரண்டிலும் நியாயம் உண்டு.

இவ்வழியில் பிற்காலத்தில் நம்மவரும் சென்றனர். 1015இல் சோழர் தூதுக்குழு சீன அரசவையை அடைந்தது. சுவான்சௌ துறைமுக நகரில் 1281ஆம் ஆண்டின் தமிழ்க் கல்வெட்டு கிடைத்துள்ளது. இராமநாதபுரம் மாவட்டத்தின் பெரியபட்டினத்தில் சீனப் பீங்கான் ஓடுகள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. உடைந்த ஓடுதானே என்று நாம் ஒதுக்குவது, ஒரு நெடிய வணிகக் கணக்கின் எஞ்சிய ஏடாகவும் இருக்கலாம். அது எங்கே, எவற்றோடு கிடந்தது என்ற குறிப்பையும் சேர்த்துக் காத்தால்தான் அதன் மதிப்பு முழுமை பெறும்.