பிடிக்காமல் விட்டதன் கணக்கு

கபடியில் பாடிச் செல்பவரின் திறமை புள்ளிப்பலகையில் உடனே தெரிந்துவிடுகிறது. பிடியாளரின் திறமையில் பெரும்பங்கு அங்கே ஏறுவதே இல்லை. 2014இல் தொடங்கிய புரோ கபடி லீக்கின் வீரர் ஏலத்துக்கு முன், கோயில் கொடைத் திடல்களில் கால் பிடித்துப் பழகிய திருநெல்வேலிச் சீமை இளைஞர் ஒருவரை எடைபோட முனைவோர் முதலில் கருத வேண்டியது இந்த வேறுபாட்டையே.

களத்தில் நிற்கும் ஏழு பேரில் இரு ஓரங்களிலும் நிற்போர் கார்னர் எனப்படுவர். பாடி வருபவரின் கணுக்காலையோ தொடையையோ பற்றி நிறுத்துவது அவர்களுடைய முதன்மை வேலை. கவர் எனப்படுவோர் உட்புறம் நின்று, மோதி வெளியே தள்ளுவதையும், நடுக்கோட்டுக்குத் திரும்பும் வழியை உடலால் அடைப்பதையும் மேற்கொள்கின்றனர். ஒரு பிடி வெற்றி பெற்றால் வழக்கமாகக் கிடைப்பது ஒரே புள்ளிதான். மூவரோ அதற்குக் குறைவானவர்களோ எஞ்சியிருக்கும்போது பிடித்தால் அது சூப்பர் டேக்கிள் ஆகி இரண்டு புள்ளி தரும். பிடி தவறினாலோ, தொட்ட அத்தனை பேரும் வெளியேற, எதிரணிக்கு அத்தனை புள்ளிகளும் சேர்கின்றன. ஆகவே பத்து முறை பாய்ந்து ஐந்து முறை பிடித்தவரைவிட, ஐந்து முறை மட்டுமே பாய்ந்து நான்கு முறை பிடித்தவர் மேலானவர். மொத்தப் புள்ளியை மட்டும் பார்க்கும் கண்ணுக்கு இது புலப்படாது.

இதைவிட நுட்பமானது, பாயாமல் நின்றதன் மதிப்பு. ஓர் அணியின் இரண்டு ரெய்டுகள் (பாடிச் செல்லும் முறைகள்) அடுத்தடுத்து வெறுமையாக முடிந்தால் மூன்றாவது டூ ஆர் டை ஆகிறது. அதில் புள்ளி எடுக்காதவர் வெளியேற வேண்டும். அந்த நெருக்கடியை உண்டாக்கியது முன் இரண்டு ரெய்டுகளிலும் முப்பது விநாடி பொறுமையாக இடம் மாறி நின்ற தடுப்பே என்றாலும், அதை எந்தப் பட்டியலும் பிடியாளரின் பெயரில் எழுதுவதில்லை. பக்கத்துக் கவரோடு அவர் காலடி சேர்ந்து நகர்கிறதா, ஆசை காட்டி நீட்டிய காலுக்கு ஏமாறுகிறாரா என்பதை ஆட்டம் முழுவதும் நேரில் பார்த்தே அறிய முடியும்.

மண் தரையில் வெறுங்காலோடு கற்ற பிடி, காலணியோடு ஆடும் செயற்கை விரிப்பில் அப்படியே செல்லுபடியாவதில்லை என்பதால், அந்த மாற்றத்துக்குக் கால அவகாசம் தருவதும் நியாயமான மதிப்பீட்டின் பகுதியே. அந்த அவகாசத்துக்கு இந்தச் சீமை தகுதியானதே: தாமிரபரணியின் கீழ்ப்பகுதியிலுள்ள மணத்தியிலிருந்து சென்ற கணேசன், 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் இடம்பெற்றவர். அந்த மண்ணில் ஆட்டம் வற்றியதில்லை.

சந்தை இப்போது தடுப்பின் விலையை உணர்ந்திருக்கிறது. 2018 ஏலத்தில் ஈரானின் இடது கார்னர் ஃபாசல் அத்ராச்சலி 1 கோடி ரூபாய் பெற்றார். 2023இல் அதே நாட்டு முகமதுரேசா ஷாட்லூயி 2.35 கோடியைத் தொட்டார். வேகத்தை மட்டும் அளந்திருந்தால், தமிழ்நாட்டின் வலது கார்னர் தர்மராஜ் சேரலாதனை எவரும் தேர்ந்திருக்க மாட்டார்கள். 2016இல் பாட்னா பைரட்ஸ் கோப்பையை வென்றபோது அதன் தலைவராகக் களத்தில் நின்ற அவருக்கு வயது 41.