மலைக்கோட்டையில் ஷேடிங் பழகலாம்

ஓவிய வகுப்பில் சேர்ந்ததும் பந்து, கூம்பு, கனசதுரம் என்று சுண்ணாம்பு மாதிரிகளை வைத்து ஷேடிங் சொல்லித் தருவார்கள். திண்டுக்கல் பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல மாதிரி ஊரிலேயே இருக்கிறது, மலைக்கோட்டைப் பாறை. 1605இல் மதுரை மன்னர் முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் கோட்டை கட்டத் தொடங்கியதாகச் சொல்லப்படும் அந்தப் பாறையில் மரஞ்செடி குறைவு. கண்ணைக் குழப்ப இலையோ கிளையோ இல்லாததால், வெயில் எங்கே விழுகிறது, எங்கே நழுவுகிறது என்பது அப்பட்டமாகத் தெரியும்.

காலை ஏழரை மணிக்கு ஒருமுறை பாருங்கள், உச்சிவேளையில் மறுபடி பாருங்கள். காலையில் வெயில் பக்கவாட்டில் வருவதால் கிழக்குச் சரிவு பளிச்சென்றும், பாறை வளையும் இடம் மங்கலாகவும், மறுபக்கம் இருட்டாகவும் இருக்கும். பாறையின் பருமன் நன்றாகத் தெரியும். உச்சிவெயிலில் மேடு பள்ளமெல்லாம் அமுங்கி, பாறை தட்டையாகிவிடும். படம் வரைய அது நேரமே இல்லை. ஒளி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று முடிவு செய்யாமல் போடும் ஷேடு, தாளில் படிந்த அழுக்குதான்.

முதலில் அளவு. பென்சிலைக் கை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, பாறையின் உயரத்தைக் கட்டைவிரலால் குறித்துக்கொள்ளுங்கள். அகலத்தில் அந்த உயரம் எத்தனை முறை அடங்குகிறது என்று எண்ணி, வெளிக்கோட்டை அழுத்தாமல் போடுங்கள். அப்புறம் கண்ணை இடுக்கிப் பாருங்கள். சில்லறை விவரங்கள் மறைந்து வெளிச்சம், நடுத்தரம், இருட்டு என்று மூன்றே பரப்புகள் மிஞ்சும். இந்த மூன்றையும் பிரித்துவிட்டால் பாதிப் படம் முடிந்த மாதிரி.

பென்சில் விஷயத்துக்கு வருவோம். உள்ளே இருப்பது ஈயமில்லை, களிமண் கலந்த கிராஃபைட். களிமண் கூடினால் வெளிறிய கோடு தரும் எச், கிராஃபைட் கூடினால் கருமையான கோடு தரும் பி. இந்தக் கலவை முறையைப் பிரான்சின் கோன்டே 1795இல் கண்டுபிடித்தார். தொடக்கத்துக்கு எச்பி, 2பி, 6பி மூன்றும் போதும். பன்னிரண்டு பென்சில் டப்பா வாங்கித் தரும் பெற்றோர், அந்தக் காசுக்கு நல்ல தாளாக வாங்கித் தரலாம்.

நிறையப் பிள்ளைகள் ஷேடு அடித்ததும் விரலால் தேய்த்துவிடுகிறார்கள். பார்க்க வழவழவென்று இருக்கும். ஆனால் விரலின் எண்ணெய்ப் பசை தாளில் ஏறிவிட்டால் அந்த இடத்தில் மேற்கொண்டு பென்சில் சரியாகப் பிடிக்காது, ரப்பரும் திட்டுத் திட்டாகத்தான் அழிக்கும். அதற்குப் பதில் கோடுகளை நெருக்கிப் போடும் ஹேட்ச்சிங்கைப் பழகுங்கள். பாறை வளைகிற திசையிலேயே கோடும் வளைய வேண்டும். இன்னும் இருட்டு வேண்டுமென்றால் குறுக்கே ஒரு வரிசை, அதாவது கிராஸ் ஹேட்ச்சிங்.

கல் கைவந்த பிறகு உலோகம். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு ஒன்றை ஜன்னலோரம் வையுங்கள். கல்லில் வெளிச்சம் மெல்ல மெல்ல இருட்டாகும். பித்தளையில் அப்படியில்லை. வெள்ளைக் கீற்றுக்குப் பக்கத்திலேயே கன்னங்கரேலென்று இருக்கும், நடுவில் படிப்படியான மாற்றம் மிகக் குறைவு. அந்த வெள்ளையை வரைய முடியாது. முதலிலிருந்தே தாளை அங்கே தொடாமல் விட்டுவைக்க வேண்டும்.

சிலைக்குப் பக்கத்திலுள்ள தாடிக்கொம்பு போகலாம். சௌந்தரராஜப் பெருமாள் கோயில் மண்டபத்தில் ஆளுயரச் சிற்பங்கள் உண்டு. அங்கே ஊர்த்துவ தாண்டவரின் தாடைக்கும் தூக்கிய தொடைக்கும் அடியில் உற்றுப் பாருங்கள். நிழல் முழுக்கக் கறுப்பாக இராது. தரையில் பட்ட ஒளி மேலே திரும்பி, விளிம்பை லேசாக வெளுக்கச் செய்யும். இதுதான் எதிரொளி. இதை விட்டுவிட்டால் சிலை சுவரோடு ஒட்டிக்கொள்ளும். கல்லை மையால் உருட்டிக் காட்டியவர் நாமக்கல்லில் பிறந்த ஓவியர் சில்பி (1919–1983). ஆனந்த விகடனில் வந்த அவருடைய ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ படங்கள் கிடைத்தால், நிழல் பகுதியில் கோடு எப்படி ஓடுகிறது என்று லென்ஸ் வைத்தே பாருங்கள்.

மலைக்கோட்டை உச்சியில் இன்னொரு பாடமும் உண்டு. அருகிலுள்ள சிறுமலை அழுத்தமாகத் தெரியும். தொலைவிலுள்ள பழனி மலைத்தொடர் வெளிறிக் கிடக்கும். இடையிலுள்ள காற்றும் தூசியும் ஒளியைச் சிதறடிப்பதே காரணம். ஆகவே தூரத்து மலைக்கு எச்பியைத் தாண்டாதீர்கள். 6பியைக் காலடிப் பாறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.